சாரையின் கட்சி

நல்ல பெயர் எடுப்பது நம் கையில் இல்லை; ஊரார் கையில்தான் இருக்கிறது. இதற்குப் பாம்புகளைக் காட்டிலும் சிறந்த அத்தாட்சி வேண்டியதில்லை. ஒரே கடியில் ஆளை யமலோகத்துக்கு அனுப்பக் கூடிய பாம்புக்குத் தமிழர்கள் "நல்ல பாம்பு" என்று பெயர் வைத்தார்கள். அது குடியிருக்கும் புற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டார்கள். பாலும் முட்டையும் வைத்தார்கள். அரச மரத்தடியில் அதன் உருவத்தைக் கல்லில் அடித்து நாட்டி வலம் வந்தார்கள். ஆனால், ஒரு துளி விஷமும் இல்லாமல், வயலில் எலியைப் பிடித்துத் தின்று குடியானவனுடைய நெல்லைக் காப்பாற்றிக் கொடுக்கிற சாரைப் பாம்புக்கு என்ன கொடுத்தார்கள்? தடியால் கொடுத்தார்கள், அதுவும் தலையிலேயே கொடுத்தார்கள்.

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பார்கள். படை நடுங்கினால் பாதகமில்லை. நடுங்குகிற படை பின்வாங்கிப் போய்விட்டால் படைக்கும் க்ஷேமம், பாம்புக்கும் க்ஷேமம். நடுங்கிக் கொண்டே தடியைத் தேடுகிறதுதான் சங்கடம். அப்படித் தடி விழுகிற இடங்களிலே பெரும்பாலும் கிடப்பது சாரையாக இருக்கிறது. அதன் கட்சியை எடுத்துப் பேச ஊரில் ஒருவரும் இல்லை. ஆகையால் இந்த வாரம் நாமே அதற்கு வக்காலத்து வாங்கிக் கொள்வதென்று தீர்மானித்தோம். கட்சிக்காரர் பீஸ் கொடுக்கப் போவதில்லை என்பது நமக்குத் தெரியும்.

வழக்கு நடக்கிற இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெருஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீராமாநுஜர் அவதரித்த க்ஷேத்திரம். அவரை ஆதிசேஷனுடைய அவதாரம் என்று வைஷ்ணவ சம்பிரதாயம் போற்றுகிறது. அந்த ஊர்த் திருக்குளத்துக்கு அனந்த சரஸ் என்று பெயர். ஆதிசேஷனே அதை உண்டாக்கினான் என்பது ஸ்தல புராணம். ஆக, சர்ப்பராஜன் முதலில் குளம் வெட்டி வைத்து, பிறகு தானே வந்து பிறந்த ஊர் அது. அப்படிப்பட்ட ஊரின் சுற்றுவட்டாரத்தில், பாம்பு இனத்திலேயே பரம சாதுவான ஒன்றுக்கு இன்று நடமாட இடமில்லை. பாம்பு எங்கே நடக்கிறது என்று கேட்க வேண்டாம். பாம்பின் கால் பாம்பறியும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே திரும்பி, வல்லக்கோட்டை முருகனைச் சேவித்துக் கொண்டு மேலே போனால் ஒரகடம் வருகிறது. சிங்கப்பெருமாள் கோவில் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையும் அங்கே குறுக்கிட்டுக் கொள்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பிரதேசமெல்லாம் ஏரியும் ஏரிப் பாசனமுமாக இருந்தது. ஏரிக்கரை, மதகு, வாய்க்கால், கழனி, களத்து மேடு, வரிசையாகப் பனைமரம், நடுநடுவே கரையான் புற்று - இதுதான் அந்தப் பூமியின் லட்சணம். சாரைப் பாம்பு குடியிருக்க இதைவிட நல்ல அக்ரகாரம் கிடையாது. எலி வளையும் புற்றும் அதற்கு வீடு. வரப்பு அதற்கு ராஜபாட்டை. கழனியிலுள்ள எலியும் தவளையும் அதற்குச் சாப்பாடு.

பிறகு காலம் மாறியது. 1971-ல் ஏற்பட்ட சிப்காட் ஸ்தாபனம் பிற்பாடு இந்தப் பக்கத்திலும் தொழிற்பேட்டைகள் அமைத்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பின்னால் டெய்ம்லர் லாரியும் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிளும் வந்து சேர்ந்தன. ஆசியாவின் டெட்ராய்ட் என்று இந்தப் பகுதிக்குப் பட்டம் கிடைத்தது. நம் தேசத்துச் சாலையில் ஓடும் வண்டியை நம் தேசத்திலேயே நம்மவர் கையால் செய்ய வேண்டுமென்பது பழைய ஆசை. அந்த ஆசை நிறைவேறுவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோமே தவிர, குறை சொல்ல வரவில்லை. ஆனால் நிலம் எடுத்தபோது பட்டாதாரர்களைக் கூப்பிட்டு நஷ்டஈடு கொடுத்தார்கள். சாரைப் பாம்பிடம் பட்டா இல்லை. ஆகவே அதை யாரும் கூப்பிடவும் இல்லை. காலி செய்யச் சொல்லித் தாக்கீது அனுப்பவும் இல்லை. பாவம், அது பழைய விலாசத்திலேயே வசித்துக் கொண்டிருக்கிறது. விலாசத்தின் மேல்தான் இப்போது சிமெண்டுத் தரை போட்டிருக்கிறது.

நம் நண்பர் ஒருவர் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறார். ஐப்பசி மாத மழை விட்டிருந்த ஒரு நாள் காலையில் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். உள்ளே நுழைகிறபோதே மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் கொட்டகையில் பெருங்கூட்டம். காலை ஷிப்டுக்கு வந்த பையன்கள், இரவு ஷிப்டு முடிந்து போகிற பையன்கள், இவர்களோடு ஒடிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்த வாலிபர்கள் எல்லோரும் வட்டமாக நின்று கூச்சல் போட்டுக் கொண்டிருந்தார்கள். பாஷைகள் பல; பயம் ஒன்று. வட்டத்தின் நடுவே இரண்டு வண்டிச் சக்கரங்களுக்கு இடையில் ஏழடி நீளத்துக்கு ஒரு பாம்பு. மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். ஓட வழி தெரியாமல் கழுத்தைப் புடைத்துக் கொண்டு உறுமிக் கொண்டிருந்தது. ஒரு பையன் இரும்புக் குழாய் ஒன்றைத் தூக்கிக் கொண்டு வந்துவிட்டான்.

அப்போது வாசற்காவலில் இருந்த முதியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக் கொண்டு வந்தார்.

"தம்பி, குழாயைக் கீழே போடு. அது சாரை. எலிக்கு வந்திருக்குது."

"பெரியவரே, கடிச்சுடுச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"கடிச்சா எரியும், ரத்தம் வரும், கழுவிட்டுப் போவணும். அதுல விசம் ஏதுங்க? நீங்க எல்லாரும் இப்படி இந்தப் பக்கமா வந்து நில்லுங்க. அதுக்கு வழி விட்டா அது பாட்டுக்குப் போயிடும்."

அவர் சொன்னபடி எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்கினார்கள். அவரே இரண்டு மூன்று வண்டிகளை மெதுவாக நகர்த்தினார். பாம்பு சற்று நேரம் அசையாமல் இருந்தது. பிறகு தலையைத் தாழ்த்திற்று. சரசரவென்று சுவரோரமாகப் போயிற்று. மழைத் தண்ணீர் போகிற கால்வாய்க்குள் இறங்கி மறைந்தது. மொத்தம் பத்து நிமிஷம். சங்கு ஊதியது, பையன்கள் வேலைக்குப் போனார்கள்.

நாம் அந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். சாரை என்று அவ்வளவு தூரத்திலிருந்தே எப்படிக் கண்டுகொண்டார் என்று கேட்டோம்.

"இந்தக் கொட்டகை இருக்கிற இடத்திலேதான் ஐயா எங்க வேர்க்கடலைக் கொல்லை இருந்துச்சு. அப்பவும் வரும், எலிக்கு. நாங்க அடிக்க மாட்டோம். கொல்லையை வித்துட்டோம். வித்துட்டோம்னு அதுங்கிட்ட யாரு போய்ச் சொல்றது?" என்றார்.

நிலம் கைமாறின கதையை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் நமக்குச் சொன்னதில்லை. ஆனால் எல்லா வாசலிலும் இப்படி ஒரு பெரியவர் காவலுக்கு இருப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்து வளாகம் ஒன்றில் இதே போல ஒரு சாரை வந்ததாம். அதை அடித்துக் கொன்று, கழியில் தொங்கவிட்டுப் படம் பிடித்து, "ராஜநாகம்" என்று பெயர் போட்டுச் செல்போனில் ஊரெல்லாம் அனுப்பினார்களாம். நண்பர் அந்தப் படத்தை நமக்குக் காட்டினார். ராஜநாகம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வசிப்பது. அது ஒரகடத்துக்கு வர வேண்டுமானால் ரயிலேறித்தான் வர வேண்டும்!

சாரையை அடையாளம் தெரிந்து கொள்வது பிரம்ம வித்தை அல்ல. நன்றாக வளர்ந்த சாரை ஐந்தடி, ஆறடி சாதாரணமாக இருக்கும். எட்டடிக்கு மேலும் வளர்வதுண்டு. உடம்பு மஞ்சளாகவோ, பழுப்பாகவோ, சாம்பல் படிந்த பச்சையாகவோ இருக்கும். பின்பாதியிலும் வாலிலும் கறுப்புக் கோடுகள் வலை பின்னினாற் போல் தெரியும். கண்கள் பெரியவை, கருமணி வட்டமாக இருக்கும். உதட்டு ஓரத்தில் மை கொண்டு கீறின மாதிரி கறுப்புக் கோடுகள் வரிசையாக இருக்கும். மிரட்டினால் கழுத்தைப் புடைக்கும். இங்கேதான் ஜனங்கள் ஏமாந்து போகிறார்கள். நல்ல பாம்பு கழுத்தை அகலவாட்டில் விரித்துப் படம் எடுக்கும். சாரைக்குப் படம் கிடையாது. அது கழுத்தை மேலும் கீழுமாகத்தான் உப்ப வைக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிதாகத் தெரியும். எதிரிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. வீட்டில் பலம் இல்லாதவன் வாசலில் நின்று அதட்டுவது போலத்தான்.

விஷமில்லாத பிராணி எப்படி வேட்டையாடுகிறது என்று நேயர்கள் கேட்கலாம். சாரைக்கு வேகம்தான் ஆயுதம். எலியைத் துரத்திக் கொண்டு வளைக்குள்ளேயே போய்விடும். வாயால் கவ்வி, உடம்பால் தரையோடு அழுத்தி, அப்படியே விழுங்கிவிடும். எலி கிடைக்காவிட்டால் தவளை, ஓணான், பறவை, சில சமயம் சிறு பாம்பு. மனிதனைத் துரத்துவது அதன் உத்தேசத்திலேயே கிடையாது. முடிந்தவரை ஓடும், மூலையில் மடக்கினால்தான் கடிக்கும். கடித்தால் பல் பட்ட இடத்தில் காயம் உண்டாகுமே தவிர, விஷம் ஏறாது.

இன்னொரு முக்கியமான விஷயம். சாரை பகலில் உலாவுகிற பாம்பு. வெயில் வந்த பிறகு வெளியே கிளம்பி, நாலு பேர் பார்க்க வரப்பின் மேல் நிமிர்ந்து போகும். கட்டு விரியன் அப்படியல்ல. இரவில் ஓசைப்படாமல் வந்து, தரையில் படுத்திருப்பவனைத் தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போய்விடும். சுருட்டை விரியன் ஒரு ஜாண், இரண்டு ஜாண்தான். கல்லுக்கடியில் இருந்தால் கண்ணுக்கே படாது. ஆக, குற்றம் செய்கிறவன் இருட்டிலே தப்பிவிடுகிறான். பட்டப்பகலில் பகிரங்கமாக நடமாடுகிற சாது அகப்பட்டுக் கொண்டு தண்டனை அநுபவிக்கிறான். மனிதர்களின் நியாயஸ்தலங்களிலும் இப்படி நடப்பதாகக் கேள்வி. பாம்புகளின் விஷயத்தில் இது தினசரி நடக்கிறது.

இனி சாரையின் மேல் ஊரார் சாட்டும் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம்.

முதல் குற்றம்: சாரைக்கு வாயில் விஷமில்லை, வாலில் விஷம், வாலால் அடித்தால் அடித்த இடம் அழுகிவிடும் என்பது. வாலில் விஷம் வைத்திருக்கிற பாம்பு உலகத்திலேயே கிடையாது. பிடித்தவர் கையில் அகப்பட்ட சாரை தப்புவதற்காக உடம்பை முறுக்கி வாலை வீசும். கன்றுக்குட்டி கூடத்தான் வாலை வீசுகிறது.

இரண்டாவது குற்றம்: மாட்டின் காலைச் சுற்றிக் கொண்டு மடியில் பால் குடிக்கிறது என்பது. பால் உறிஞ்சுவதற்கு உதடு வேண்டும். அதற்கேற்ற நாக்கும் கன்னமும் வேண்டும். பாம்புக்கு இவற்றில் எதுவும் இல்லை. உள்ளே வளைந்த கூரிய பற்கள்தான் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பற்கள் மடியில் பட்டால் எந்த மாடு நின்று கொண்டிருக்கும்? மாட்டுத் தொழுவத்தில் சாரை காணப்படுவது வாஸ்தவம். அது வருவது பாலுக்கு அல்ல. தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் வருகிற எலிக்கு.

மூன்றாவது குற்றம் மகா ரஸமானது. சாரை என்பது ஆண் பாம்பு, நாகம் என்பது அதன் பெண்டாட்டி. ஆகையால் சாரை வந்த வீட்டுக்கு நாகமும் பின்னாலேயே வரும் என்கிறார்கள். இரண்டும் பிணைந்து கொண்டு ஆளுயரத்துக்கு எழும்பி ஆடுவதைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தப் பிணையலின் மேல் புது வேஷ்டியைப் போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டால் ஐசுவரியம் பெருகும் என்று நம்புகிறவர்களும் உண்டு. சத்தியம் செய்கிறவர்கள் பொய் சொல்லவில்லை; பிணைந்து ஆடுவதைப் பார்த்தது நிஜந்தான். ஆனால் அங்கே ஆடுவது சாரையும் நாகமும் அல்ல. ஆணும் பெண்ணும் கூட அல்ல. இரண்டும் ஆண் சாரைகள்! இனம் பெருகும் பருவத்தில் ஒன்றையொன்று தோற்கடிக்க நடக்கிற மல்யுத்தம் அது. உடம்பை முறுக்கிக் கொண்டு, முன்பாதியை உயரத் தூக்கி, ஒன்றின் தலையை மற்றொன்று கீழே அழுத்தப் பார்க்கும். கடிப்பதில்லை, ரத்தக் காயம் இல்லை. தோற்றது போய்விடும், ஜயித்தது நின்றுவிடும். இவ்வளவு நாகரிகமாகச் சண்டை போடுகிற ஜந்துவைச் சண்டைக்காரன் என்று சொல்லவே நமக்கு வாய் வரவில்லை. சாரையிலும் ஆண் உண்டு, பெண் உண்டு, நாகத்திலும் அப்படியே. சாரை முட்டையிலிருந்து சாரைதான் பிறக்கும்.

ஜனங்களின் பயம் ஒருபுறமிருக்க, சாரைக்குப் பெரிய ஆபத்தாக வந்தது அதன் அழகான தோல். சென்ற நூற்றாண்டின் நடுவில் பாம்புத் தோலுக்கு அயல்நாடுகளில் கிராக்கி உண்டாயிற்று. கைப்பைகளுக்கும் இடுப்புவார்களுக்கும் செருப்புகளுக்கும் நம் தேசத்துப் பாம்புகள் லட்சக்கணக்கில் உரிக்கப்பட்டன. சாரை நீளமானது, அதன் தோல் உறுதியானது, எங்கும் கிடைப்பது, கடித்தாலும் ஆபத்தில்லாதது. வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவில் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். எலி வளையைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா பாம்பு இருக்கிறதா என்று சொல்லக் கூடியவர்கள். அவர்கள் கைக்கு வந்தது சில்லறை. லாபம் போன இடம் வேறு.

1972-ல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி அடியோடு தடை செய்யப்பட்டது. சாரை பிழைத்தது, ஆனால் இருளர்களின் பிழைப்புப் போயிற்று. அந்தச் சமயத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையை 1972-ல் கிண்டியில் நிறுவிய ராமுலஸ் விட்டேக்கர் இருளர்களோடு சேர்ந்து ஓர் உபாயம் செய்தார். தோலுக்குப் பதிலாக விஷத்தை எடுத்து விற்றால் என்ன? 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இன்றும் அது நடந்து வருகிறது. விஷப் பாம்புகளைப் பிடித்து, மண்பானைகளில் வைத்து, விஷத்தை எடுத்துக் கொண்டு, திரும்பக் கொண்டு போய் விட்டுவிடுகிறார்கள். பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. பாம்பும் பிழைக்கிறது, பாம்பைப் பிடிக்கிறவனும் பிழைக்கிறான், பாம்பு கடித்தவனும் பிழைக்கிறான். இப்படி மூன்று பேரும் பிழைக்கிற வியாபாரத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த வித்தையின் பெருமை கடல் கடந்தும் போயிற்று. அமெரிக்காவில் புளோரிடாவின் சதுப்பு நிலங்களில், ஆசியாவிலிருந்து போன மலைப்பாம்புகள் பெருகி, அந்தப் பிரதேசத்துப் பிராணிகளை அழித்து வந்தன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை அழைத்துக் கொண்டு போனார்கள். நவீன சாதனங்களை வைத்துக் கொண்டு தவித்தவர்களுக்கு நடுவில், இவர்கள் தடத்தைப் பார்த்தே பாம்பைக் கண்டு பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. செங்கற்பட்டு ஜில்லாக் கழனிகளில் எலி வளை பார்த்துப் பழகிய கண்களுக்கு அது தகுந்த மரியாதை.

சாரை போனால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கழனியை விற்றாகிவிட்டது, நெல் இல்லை, எலியைப் பற்றி என்ன கவலை என்கிறார்கள். கழனி போயிற்றே தவிர எலி போகவில்லை. முன்னைக் காட்டிலும் இப்போது அதற்கு நல்ல காலம். ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைக்கிற கான்டீன்கள், அவற்றின் எச்சில், சாமான் கிடங்குகள், தொழிலாளிகள் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடுகள், அவற்றின் பின்புறத்துக் குப்பை மேடுகள் - எலிக்கு விருந்து. எலி இன்னொரு வேலையும் செய்கிறது. கார்களின் மின்சாரக் கம்பிகளைக் கடித்து வைக்கிறது. கார் வைத்திருக்கும் நேயர்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எலியைத் தேடி விஷப் பாம்புகளும் வரும். சம்பளம் வாங்காமல் எலியைப் பிடிக்கிற சாரையை அடித்துக் கொன்றுவிட்டு, எலியைத் தேடி வருகிற கண்ணாடி விரியனுக்கு இடம் பண்ணிக் கொடுப்பது என்ன புத்திசாலித்தனம்?

பயப்படுவதற்குக் காரணமே இல்லை என்று நாம் வாதிக்க மாட்டோம். 2000 முதல் 2019 வரையிலான இருபது வருஷங்களில் இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள், ஏழைகள். இதைக் கேட்டு நெஞ்சு பதறாமலிருக்க முடியாது. ஆனால் இந்த மரணங்களில் பெரும் பகுதிக்குக் காரணம் நான்கே பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சாரை இந்தப் பட்டியலில் இல்லை. சாரையை அடிப்பதால் இந்த எண்ணிக்கையில் ஒன்றும் குறையாது. குறைக்கிற வழி வேறு. இரவில் விளக்கோடு நடப்பது, தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலைக்குள் படுப்பது, வீட்டைச் சுற்றிக் குப்பையும் விறகும் சேரவிடாமல் இருப்பது, கடி பட்டால் மந்திரத்துக்கும் பச்சிலைக்கும் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போவது - இவைதான் வழி. கடிவாயைக் கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டவும் கூடாது. கடி பட்டவரை அசையாமல் வைத்து உடனே வண்டியில் ஏற்ற வேண்டும். கடித்தது எந்தப் பாம்பு என்று சந்தேகமாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவதே விவேகம்.

சர்க்காரும் இப்போது விழித்துக் கொண்டிருக்கிறது. பாம்புக் கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைப்பதற்கு 2024-ல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் வகுத்தது. அதே வருஷத்தில், பாம்புக் கடி கேஸ்கள் ஒவ்வொன்றையும் ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டுமென்று தமிழ்நாட்டு சர்க்கார் உத்தரவு போட்டது. எங்கே எத்தனை பேருக்குக் கடி என்று தெரிந்தால்தானே எங்கே மருந்து வைப்பதென்று தெரியும்?

பாம்போடு சேர்ந்து வாழ முடியுமா என்பது நாம் புதிதாகக் கேட்கிற கேள்வி அல்ல. மகாத்மா காந்தி ஆசிரமங்கள் அமைத்தபோதே இந்தக் கேள்வி எழுந்தது. தென்னாப்பிரிக்காவில் பீனிக்ஸ், டால்ஸ்டாய் பண்ணை, பிறகு இங்கே சபர்மதி - மூன்றும் ஜன நடமாட்டமில்லாத தரிசு நிலங்களில் ஏற்பட்டவை. மூன்றிலும் பாம்புகள் இருந்தன. டால்ஸ்டாய் பண்ணையில் அவருடைய நண்பர் காலன்பாக் பாம்புகளைப் பற்றிய புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார். எல்லாப் பாம்பும் விஷப் பாம்பல்ல, சில பாம்புகள் பயிரைக் காப்பாற்றுகின்றன என்று பண்ணைவாசிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பார்த்த மாத்திரத்தில் இனம் கண்டுகொள்ளும்படி அவர்களைப் பழக்கினார். பாம்பைக் கொல்வதில்லை என்பது மூன்று இடங்களிலும் பொதுவான விதி. சுமார் இருபத்தைந்து வருஷ காலத்தில் பாம்புக் கடியால் அங்கே ஓர் உயிரும் போகவில்லை என்று காந்திஜி தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதைக் கடவுளின் அருளென்று அவர் நம்பினார். அருளோடு காலன்பாக்கின் புத்தகங்களும் சேர்ந்துதான் இருந்தன என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம். இனம் தெரியாதவன் எல்லாவற்றுக்கும் பயப்படுவான். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் எல்லாவற்றையும் அடிப்பான். அடிக்கப் போகிற இடத்தில்தான் கடி வாங்குவான்.

ஆகையால் நாம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நான்கு விஷப் பாம்புகளின் படத்தையும் சாரையின் படத்தையும் பள்ளிக்கூடத்திலும், தொழிற்சாலை வாசலிலும், பையன்கள் தங்கும் விடுதியிலும் மாட்டி வையுங்கள். தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கு அவர்கள் பாஷையிலும் எழுதி வையுங்கள். இனம் தெரியாத பாம்பு வந்தால் கிட்டே போக வேண்டாம். தீயணைப்புப் படையாருக்கோ வனத்துறைக்கோ சொல்லி அனுப்பினால், பிடித்துக் கொண்டு போய் விடுவார்கள். மதிலோரத்தில் மழைத் தண்ணீர் போகிற வழியையும் அதன் கரையில் கொஞ்சம் புதரையும் விட்டு வைத்தால், சாரை தன் பாட்டுக்குப் போய் வரும். அதை அடிப்பது பாவமா அல்லவா என்பதை அவரவர் மனசாட்சி சொல்லட்டும்; சட்டப்படி அது குற்றம் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம்.

வல்லக்கோட்டையில் முருகனைச் சேவிக்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். பாம்புக்குப் பரம சத்துரு மயில். முருகனுடைய மயிலைச் சித்திரத்தில் எழுதுகிறவர்கள் அதன் காலடியில் பாம்பையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். அந்தப் பாம்பு செத்துக் கிடப்பதாக யாரும் எழுதுவதில்லை. தலையைத் தூக்கிக் கொண்டுதான் இருக்கிறது. மயிலுக்கு இருக்கிற பொறுமை நமக்கு இருக்கக் கூடாதா?

சாரைக்கு யாரும் கோவில் கட்ட வேண்டியதில்லை. பால் வைக்க வேண்டியதில்லை; வைத்தாலும் அதற்குப் பிரயோஜனமில்லை. பெயரைக் கூட மாற்ற வேண்டாம். "நல்ல" என்ற பட்டம் நாகத்திடமே இருக்கட்டும். அடுத்த முறை வாசலில் சாரை வந்து நின்றால், பத்து நிமிஷம் ஒதுங்கி நின்று வழி விட்டால் போதும். அதற்கு எலி வேட்டைக்கு நேரமாகிறது.